தண்ணீரில் எழும்புவது வீடல்ல

ரயில் செம்ஸ்ஃபோர்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, ரோவெனா பெக் தன் கேஸைக் கொன்றுபோடக்கூடிய ஆயுதத்தைத் தானே கண்டெடுத்தாள்.

தடித்த சட்டப் புத்தகம் ஒன்றின் அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் அது பதுங்கியிருந்தது. பிண்டர் வழக்கு. அப்பீல் கோர்ட், 1954. மூன்று நீதிபதிகள், மூவரும் ஒரே குரல். தண்ணீர் ஏறும்போது எழும்பக்கூடியது எதுவோ அது படகு, அது வீடல்ல. அதில் ஒருவர் பிறந்து வளர்ந்து கிழவரானாலும் வீடல்ல. வீட்டில் குடியிருப்பவருக்குச் சட்டம் தரும் எந்தப் பாதுகாப்பும் அவருக்குக் கிடையாது. படகுத்துறைக்குச் சொந்தக்காரர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அடப்பாவிங்களா!" என்றாள் வாய்விட்டு. எதிர் சீட்டுக்காரர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவளுடைய கட்சிக்காரி ஜேனிஸ் டவ்செட் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எஸ்ஸெக்ஸ் கரையோரத்தில் ஒரு கழிமுகச் சேற்றில், 'வினிஃப்ரெட்' என்ற பழைய மரச் சரக்குப் படகில் குடியிருப்பவர். கணவரோடு வந்தவர், கணவர் போன பிறகும் அங்கேயே. அந்தத் துறையை வாங்கிய கம்பெனிக்கு இப்போது பணக்காரர்களின் பாய்மரப் படகுகளை நிறுத்த இடம் வேண்டும். வரிசையில் இருக்கும் குடிபடகுகளையெல்லாம் கிளப்ப வேண்டும். ஜேனிஸை முதலில் பிடித்தார்கள். அவர் தோற்றால் மற்றவர்களைத் தள்ளுவது சுலபம்.

நேற்று வரை ரோவெனா நிம்மதியாக இருந்தாள். காரணம், கம்பெனியின் வக்கீல் லயனல் ஃபேன்ஷா, வினிஃப்ரெட்டை வீடு என்றே எடுத்துக்கொண்டு வாதம் எழுதியிருந்தார். வீடு என்றால் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஒரு குறிப்பிட்ட முறையில் இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்ததில் ஓட்டை. ஜெயித்த மாதிரிதான்.

லயனலின் வாதத்தை மறுபடி புரட்டினாள். பிண்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. மனிதர் பார்க்கவே இல்லை!

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் இங்கிலாந்தில் கருப்பு கவுன் போட்ட யாரும் இதற்குச் சந்தோஷப்பட முடியாது.

கோர்ட் தாழ்வாரத்தில் ஜேனிஸ் அலுமினியத் தாளைப் பிரித்து சீஸ் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கம்பளித் தொப்பியோடு டெஸ் மஸ்ஸெட். அடுத்த படகுக்காரர், பழைய சிப்பி மீனவர், ஜேனிஸுக்குத் துணையாக வந்திருந்தார்.

"என்ன கண்ணு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார் ஜேனிஸ். "நேத்து போன்ல நாமதான் ஜெயிப்போம்னு குதிச்சியே?"

"மிஸஸ் டவ்செட், நமக்கு எதிரா ஒரு பழைய தீர்ப்பு இருக்கு. அப்பீல் கோர்ட் தீர்ப்பு. இந்த ஜட்ஜ் அதை மீறவே முடியாது." பிண்டரைச் சுருக்கமாகச் சொன்னாள். "எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பார்க்கலை."

"ஐயோ, அப்போ நல்லதுதானே! வாயை மூடிக்கிட்டு இருந்துட்டா போச்சு."

"முடியாது. நான் போய் அவருகிட்ட கொடுக்கணும். அப்புறம் ஜட்ஜ்கிட்டயும்."

ஜேனிஸ் சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"எங்க தொழில் விதி. நமக்குப் பாதகமான தீர்ப்பு தெரிஞ்சும் மறைச்சா, கோர்ட்டை ஏமாத்தின மாதிரி."

"டெஸ், கேட்டியா?" ஜேனிஸ் திரும்பினார். "என்னைக் காப்பாத்த வந்த பொண்ணு, என் கழுத்துக்குக் கயிறு வாங்கி எதிராளிக்குப் பரிசா கொடுக்கப்போவுதாம்."

"ரிப்பன் கட்டிக் கொடுக்குமா, சும்மா கொடுக்குமா?" என்றார் டெஸ்.

ரோவெனாவுக்குக் காது சூடாகியது. திட்டுவதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதுதான் இன்னும் எரித்தது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வினிஃப்ரெட் சேத்துலதானே உட்கார்ந்திருக்கு?"

"பின்னே, மரத்துலயா உட்கார்ந்திருக்கும்? சேத்துலதான்."

அது ஒரு சின்ன நூல். பிடித்துப் பார்க்கலாம்.

லயனல் ஃபேன்ஷா உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன் நின்று விக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். ரோவெனா நீட்டிய காகிதங்களை வாங்கிப் படித்தார். புருவம் ஏறியது. பிறகு வாய் மெல்ல மெல்ல விரிந்தது.

"ரோவெனா, என் பொறந்தநாள் அடுத்த மாசம்தான்."

"வாயை மூடு, லயனல்."

"எப்படி விட்டேன் இதை? நோட்டீஸ் நோட்டீஸ்னே தேடிட்டிருந்தேன். படகுன்னு தேடவே இல்ல." காகிதத்தை முத்தமிடாத குறையாக மடித்தார். "நீ இருக்கியே, தங்கம். நானா இருந்தாலும் கொடுத்திருப்பேன், தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் உன்னை அறையாம நிக்கறேன்."

நீதிபதி வின்டர்பர்ன் ஒல்லியான மனிதர். எப்போதும் ஒரு புதினா மிட்டாய் கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். பிண்டர் தீர்ப்பை அவர் படித்து முடிக்கும்வரை கோர்ட்டில் அந்த மிட்டாய் பல்லில் உரசும் சத்தம் மட்டுமே கேட்டது.

"மிஸ் பெக்," என்றார் கடைசியில். "இதை எழுதின மூணு பேரும் ஆயுசுல ஒரு படகுல கால் வச்சிருப்பாங்களா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான், யுவர் ஆனர்."

"தப்பான தீர்ப்புன்னு எனக்குத் தோணுது. ஆனா இது அப்பீல் கோர்ட். நான் கவுண்டி கோர்ட். எனக்கு மேல ரெண்டு மாடி தள்ளி உட்கார்ந்திருக்கறவங்க. இதை எப்படித் தாண்டப்போறீங்க?"

ரோவெனா முதல் கதவைத் தட்டினாள். "யுவர் ஆனர், இந்தத் தீர்ப்புக்கு முந்தின வருஷம் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டுது. குடியிருக்கற படகும் குடியிருப்புதான்னு அதுல தெளிவா இருக்கு. அந்த மூணு நீதிபதிகள்கிட்ட அதை யாருமே காட்டலை. சட்டத்தையே பார்க்காம எழுதின தீர்ப்பு எப்படிக் கட்டுப்படுத்தும்?"

நீதிபதியின் முகத்தில் ஆசை தெரிந்தது. பசிக்காரன் பேக்கரி கண்ணாடியைப் பார்க்கிற ஆசை. லயனல் எழுந்தார்.

"என் கற்றறிந்த தோழி சொல்றது சரியா இருக்கலாம், யுவர் ஆனர். ஆனா அப்பீல் கோர்ட் கவனிக்காம எழுதிட்டுதுன்னு சொல்ற அதிகாரம் அப்பீல் கோர்ட்டுக்குத்தான் உண்டு. இல்லைன்னா அதுக்கும் மேல. கீழ இருக்கற நாம சொல்ல முடியாது."

"அவர் சொல்றது சரி, மிஸ் பெக்," என்றார் நீதிபதி, சொல்லவே பிடிக்காதவர் போல. "அந்தக் கதவு எனக்குப் பூட்டியிருக்கு. அடுத்தது?"

அடுத்தது, சுப்ரீம் கோர்ட்டின் புதிய தீர்ப்பு ஒன்று. சக்கரம் வைத்த நடமாடும் வீடு பற்றியது. சக்கரம் வேறு, தண்ணீர் வேறு என்று லயனல் ஒரே மூச்சில் அதை ஊதித் தள்ளினார். இரண்டாவது கதவும் போயிற்று.

"மூணாவது," என்றாள் ரோவெனா, பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்தப் படகு பிண்டர் படகு இல்ல. அது மிதந்துச்சு. நினைச்சா கிளம்பிப் போயிருக்கும். மூணு நீதிபதிகளும் சொன்ன காரணமே அதுதான். வினிஃப்ரெட் சேத்துல உட்கார்ந்திருக்கு. விஷயம் வேற, அதனால தீர்ப்பும் இதுக்குப் பொருந்தாது."

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். மிட்டாய் கன்னம் மாறியது. "அந்தக் கதவு மட்டும் எனக்குத் திறக்கும். ஆனா அதுக்குச் சாவி சட்டத்துல இல்ல. அந்தச் சேத்துல இருக்கு. சாட்சியைக் கூப்பிடுங்க."

முதலில் கம்பெனி மேனேஜர் கூண்டில் ஏறினார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். நோட்டீஸ் அனுப்பியதைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அடுத்து ஜேனிஸ். பைபிளைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டு, பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

லயனல் தேன் குரலில் ஆரம்பித்தார். "மிஸஸ் டவ்செட், பௌர்ணமி, அமாவாசைக்குத் தண்ணி நல்லா உயரமா ஏறும், இல்லையா?"

"ஏறும். எல்லா ஊர்லயும் ஏறும்."

"அப்போ வினிஃப்ரெட் எழும்புமா?"

"அது வந்து..."

"எழும்புமா, எழும்பாதா? அவ்வளவுதான் கேட்கறேன்."

ஜேனிஸ் ரோவெனாவைப் பார்த்தார். ரோவெனா தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். சாட்சிக்குக் கண் ஜாடை காட்டுவதும் குற்றம்தான்.

"எழும்பும்," என்றார் ஜேனிஸ். "கப்புல இருக்கற டீ தட்டுல சிந்தும். ஆனா பின்னாடி..."

"நன்றி, மிஸஸ் டவ்செட். வேற கேள்வி இல்ல." லயனல் உட்கார்ந்தே விட்டார்.

போச்சு.  ரோவெனா தன் சாட்சியை மறுபடி கேட்க எழப் போனாள். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு வந்து தொடரலாம். மிஸஸ் டவ்செட், உங்க சாட்சியம் இன்னும் முடியலை. இடைவேளையில யாரோடயும் கேஸைப் பத்திப் பேசக்கூடாது. உங்க வக்கீலோடயும்தான்."

அந்த இடைவேளை ரோவெனாவுக்கு நரகம்.

வாசலுக்கு வந்தால் ஜேனிஸ் நிற்கிறார். அவளைப் பார்த்ததும் கையை ஆட்டுகிறார். "கண்ணு, அந்தாளு என்னை முழுசா சொல்லவே விடலை! அந்த..."

"சொல்லாதீங்க!" ரோவெனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஒரு வார்த்தை கேட்டாலும் கேஸ் கெட்டுடும். எனக்கு வேலையும் போயிடும்."

"உங்க சட்டத்துல வாய் எதுக்குத்தான் இருக்கு?" ஜேனிஸ் கத்தினார். "எதிராளிகிட்ட பேசலாம், என்கிட்ட பேசக்கூடாதா?"

ரோவெனா தெருவில் ஓடினாள். உண்மையாகவே ஓடினாள், கவுன் பின்னால் படபடத்தது. பின்வாசல் வழியாக உடை மாற்றும் அறைக்குள் புகுந்தால், லயனல் முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. டெஸ், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"அம்மணி, ஜேனிஸ் உங்ககிட்ட சொல்லச் சொன்னா, அந்தப் படகு..."

"அவங்க சொல்லச் சொன்னதா இருந்தா வேண்டாம், மிஸ்டர் மஸ்ஸெட்! போயிடுங்க!" கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

லயனல் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "பாவம். அதுல என்ன இருக்குன்னு எனக்கே ஆவலா இருக்கு."

"பின்னாடி." ஜேனிஸ் பாதியில் விட்ட அந்தச் சொல் ரோவெனாவின் தலைக்குள் சுற்றியது. பின்னாடி என்ன? எஞ்சினாக இருக்கலாம். புது எஞ்சின் போட்டிருக்கேன், போன வருஷம்கூட ஒரு சுற்று போயிட்டு வந்தோம் என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னால் அதோடு முடிந்தது. பதில் தெரியாத கேள்வியைச் சொந்தச் சாட்சியிடம் கேட்காதே என்று இந்தத் தொழிலில் நுழைந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்காவிட்டால் பிண்டர் ஜெயித்துவிடும். கேட்டால், ஜேனிஸே தன் வீட்டை மூழ்கடிக்கலாம்.

கோர்ட் மறுபடி கூடியது. ரோவெனா எழுந்தாள். 

"மிஸஸ் டவ்செட். என் கற்றறிந்த நண்பர் கேட்டப்போ 'ஆனா பின்னாடி'ன்னு ஆரம்பிச்சீங்க. என்ன சொல்ல வந்தீங்க?"

ஜேனிஸ் நீளமாக மூச்சை விட்டார். "அப்பாடா, கேட்டுட்டியா! மூக்குப் பக்கம்தான் எழும்பும்னு சொல்ல வந்தேன். பின்பக்கம் எப்படி எழும்பும்? அது சுவருக்குள்ள இல்ல இருக்கு!"

 மிட்டாய்ச் சத்தம் நின்றது.

"எந்தச் சுவர்?" என்றார் நீதிபதி.

"கம்பெனி கட்டின வெள்ளத் தடுப்புச் சுவர், ஐயா. அப்போ இந்த மேனேஜர் இல்ல, பழைய ஆளு. படகை நகர்த்த இழுவைப் படகு வாடகைக்கு எடுக்கணுமேன்னு கஞ்சத்தனம். அப்படியே பின்பக்கத்தைச் சேர்த்து கான்கிரீட் ஊத்திட்டாங்க. என் படுக்கையறையில பாதி அவங்க சுவருக்குள்ளதான். தண்ணி ஏறினா முன்பக்கம் முக்கும், முனகும், ஒரு கை அளவு தூக்கும். மரம் வளையுது. அவ்வளவுதான்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"யாரு கேட்டா? நோட்டீஸ் எப்போ வந்துது, யாரு கையெழுத்துன்னே எல்லாரும் கேட்டாங்க."

லயனல் துள்ளி எழுந்தார். எழுத்து வாக்குமூலத்தில் இது இல்லை, கடைசி நேரக் கதை, நம்பக்கூடாது என்று பொரிந்தார். வின்டர்பர்ன் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை இல்லை.

"கதையா இல்லையான்னு போய்ப் பார்த்துடலாமே, மிஸ்டர் ஃபேன்ஷா. என் கார்ல ரப்பர் பூட்ஸ் இருக்கு. உங்ககிட்ட?"

தண்ணீர் வடிந்திருந்த நேரம். கழிமுகம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு பளபளத்தது. நீதிபதி பூட்ஸோடு முன்னே நடந்தார். லயனலின் பளபளப்பான ஷூ ஒவ்வோர் அடிக்கும் சேற்றிலிருந்து சப்பென்று பிய்ந்து வந்தது. ஒருமுறை கால் மட்டும் வந்தது, ஷூ வரவில்லை. டெஸ் அதைப் பிடுங்கி மிகுந்த மரியாதையோடு அவரிடம் நீட்டினார்.

வினிஃப்ரெட்டின் பின்பக்கம் இல்லவே இல்லை. மரம் வந்து கான்கிரீட்டில் முட்டி, உள்ளே போய்விட்டது. நீதிபதி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அப்புறம் படகுக்குள் ஏறி, ஜேனிஸின் படுக்கைக்குப் பின்னால் கம்பெனியின் சுவரைத் தொட்டுப் பார்த்தார். 

மறுநாள் காலையில் தீர்ப்பு.

"பிண்டர் தீர்ப்பு தப்புன்னு நான் நினைக்கிறேன்," என்று வாசித்தார் வின்டர்பர்ன். "ஒரு சட்டத்தையே பார்க்காம எழுதினது. ஆனா நான் நினைக்கறதுக்கு இங்க விலை இல்ல. அதுக்கு நான் கட்டுப்பட்டவன். எனக்கு மேல இருக்கறவங்க சீக்கிரமே அதைக் கவனிப்பாங்கன்னு நம்பறேன். நல்லவேளையா, மிஸஸ் டவ்செட்டோட வீடு பிண்டர் படகு இல்ல. அது போகவே முடியாது. போகவிடாம சுவர் கட்டினதே கம்பெனிதான். அதனால இது வீடு. நோட்டீஸ் செல்லாது. வழக்கு தள்ளுபடி."

ஜேனிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டெஸ் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ரோவெனா கண்ணை மூடித் திறந்தாள். ஜெயித்தாயிற்று. ஆனால் உள்ளே ஏதோ ஒட்டாமல் உறுத்தியது.

தாழ்வாரத்தில் லயனல் வந்தார். ஷூ மாற்றியிருந்தார். முகத்தில் தோற்றவரின் களை இல்லை.

"அப்பீல் போகப்போறியா?" என்றாள் ரோவெனா. போ, தயவுசெய்து போ என்று மனசுக்குள் வேண்டினாள். மேலே போனால் அங்கே பிண்டரையே தூக்கிப் போடலாம்.

"அப்பீலா? எதுக்கு?" லயனல் சிரித்தார். "கம்பெனிக்கு ஒரு படகு போச்சு. போகட்டும். மத்த படகெல்லாம் ஜம்முனு மிதக்குது. எதுக்கும் பின்னாடி சுவர் இல்ல. பிண்டர் பத்திரமா இருக்கு. மேல கொண்டுபோய் அதை நானே உடைக்கணுமா? அதை எனக்குக் கொடுத்த கைக்கு மரியாதை வேண்டாமா?" தலையைச் சாய்த்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

ரோவெனா சுவரில் சாய்ந்தாள். நேற்று காலையில் தன் கையாலேயே நீட்டிய காகிதங்கள். வேறு வழி இருந்ததா என்றால் இல்லை. அதனால் ஆத்திரம் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை.

"அந்தாளு என்ன சொல்றான்?" ஜேனிஸ் வந்து நின்றார். அழுகை நின்றிருந்தது. "அப்போ டெஸ்ஸு? அவன் படகு மிதக்குதே?"

"மிஸ்டர் மஸ்ஸெட்டுக்கு அந்தப் பழைய தீர்ப்புதான், மிஸஸ் டவ்செட்."

"தப்புன்னு அந்த ஐயாவே சொன்னாரே! காதால கேட்டேனே!"

"தப்புன்னு சொல்லலாம். மீற முடியாது. மேல இருக்கறவங்கதான் மாத்தணும். அவங்களா மாத்த மாட்டாங்க, யாராவது கேஸைக் கொண்டுபோகணும். ஜெயிச்ச நீங்க கொண்டுபோக முடியாது. ஜெயிச்சவங்களுக்கு அப்பீல் கிடையாது."

"அப்போ நான் தோத்திருந்தா?"

"போயிருக்கலாம். மேல ஜெயிச்சிருந்தா எல்லாருக்கும் சேர்த்து ஜெயிச்சதா ஆகியிருக்கும்."

ஜேனிஸ் அவளை வெறித்துப் பார்த்தார். "ஜெயிச்சதுக்கும் உங்க கோர்ட்ல தண்டனையா, கண்ணு?"

டெஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். "சரி, எனக்குப் புரியறாப்ல சொல்லுங்க, அம்மணி. அந்தப் பிண்டரை உடைக்க ஒருத்தன் தோக்கணும். அவ்வளவுதானே?"

"இதே கோர்ட்ல. அநேகமா இதே ஜட்ஜ்கிட்ட. அவர் மனசு உங்க பக்கம்தான் இருக்கும். ரொம்ப வருத்தத்தோட உங்களுக்கு எதிரா எழுதுவார். அதுக்கப்புறம்தான் மேல. வருஷக்கணக்கா ஆகும். மேலயும் ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"சிப்பி பிடிச்ச காலத்துல இருந்தே தோத்துப் பழகினவன்தான். ஆனா காசு கொடுத்து வக்கீல் வச்சுத் தோக்கறது இதுதான் முதல் தடவை."

ரோவெனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விக்கைக் கழற்றி அதன் தகரப் பெட்டிக்குள் திணித்து மூடியை அறைந்தாள். மூடி உட்காரவில்லை. இன்னொரு முறை அறைந்தாள்.

"உங்களுக்கு நோட்டீஸ் வந்தா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணுங்க, மிஸ்டர் மஸ்ஸெட். ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது."

"போன் எதுக்கு? வந்தாச்சே," என்றார் டெஸ். "இன்னைக்கு விடியக்காலையில கதவு இடுக்குல சொருகிட்டுப் போயிருக்காங்க. ஜேனிஸுக்கு வந்தது மூணு பக்கம். எனக்கு ஒரே வரி. படகுக்கு அது போதுமாம்."